அங்கே ஆறு மணி, இங்கே ராகு காலம்

பஜ்ஜியில்தான் அன்றைக்குச் சண்டை ஆரம்பித்தது.

"ஃபோன்ல பொண்ணு பார்க்கிறவனுக்கு எதுக்குக்கா பஜ்ஜி? நியூ ஜெர்சியில உட்கார்ந்துக்கிட்டுக் கண்ணாலயா சாப்பிடப் போறான்?" என்றார் ஜெயராமன்.

"சாப்பிடறானோ இல்லையோ, தட்டைக் காட்டணும். வெறுங்கையோட பொண்ணைக் கொண்டுவந்து நிறுத்தறதுக்கு நாம என்ன வக்கத்தவங்களா?" என்றாள் சரசா, வாழைக்காயைச் சீவிக்கொண்டே.

சரசா ஜெயராமனின் அக்கா. வேப்பம்பட்டிலிருந்து காலையிலேயே கிளம்பி, ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி ஏறி, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சேற்றில் செருப்பை விட்டு எடுத்து, ஒருவழியாகக் கரையான்சாவடி வந்து சேர்ந்திருந்தாள். அந்தக் கோபம் வேறு பாக்கியிருந்தது. அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் இதுவரை யாரும் இல்லை. ஜெயராமனும் ஜெயிக்கவில்லை. எண்ணெய் காய்ந்தது.

போன வாரத்தை விட்டுவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. முப்பத்தொரு வயது சுரேகா, வந்த வரன்களையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள் அல்லவா? தரகர் ஹேமநாதன் கொண்டுவந்த ஸ்ரீநாத்தின் ஜாதகத்துக்கு மட்டும், "சரிப்பா, பேசலாம்" என்றாள். ஜெயராமனுக்குத் தலைகால் புரியவில்லை. கேசரிக்கு முந்திரி வாங்கப் பூந்தமல்லி பஜார் வரைக்கும் நடந்தே போனார். திரும்பி வரும்போதுதான் அவருக்கு உறைத்தது: இவள் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டால், இந்த முந்திரி வாங்குகிற மனுஷன் யாருடன் சாப்பிடுவான்?

மனைவி சுசீலா போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த ஃபிளாட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் மிஷின் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்தவர் ஜெயராமன். ஓய்வு பெற்ற பிறகு அந்த வீட்டின் அமைதியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சுரேகா பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள். கதவுக்குப் பின்னால் அவள் இங்கிலீஷில் பேசுகிற சத்தம் கேட்கும். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் டி.வி.யை அணைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்கு அது போதும்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற ஜாதியும் இல்லை.

நேரம் குறித்தவரும் அவரேதான். நாள்காட்டித் தாளில் ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் மாலை மூன்றரை முதல் நாலரை. "நமக்கும் அவங்களுக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம் சார். இங்க மூன்றரைன்னா அங்க காலை ஆறு. பையன் ஞாயித்துக்கிழமையும் ஏழு மணிக்கு வேலையில உட்காரணும். அதுக்குள்ள பேசிடலாம்" என்று ஹேமநாதன் கணக்குச் சொன்னார். ஆறு மணி என்று பையனுக்கும் சொல்லியாயிற்று. சுரேகாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே சுரேகாவின் ஃபோனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாயிற்று. மயில் கழுத்து நிறப் பட்டில் சுரேகா வந்து உட்கார்ந்தாள். மூன்று பேராக உட்காரக்கூடாது என்று கீழ்வீட்டு ஜம்புலிங்கத்தை நாலாவது ஆளாகக் கூட்டிவந்து சோபாவின் நடுவில் வைத்தாள் சரசா. தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க்காரர். இந்த ஃபிளாட் இருக்கிற மனையே அவர் தாத்தா கத்திரிக்காய் போட்ட நிலம்தான் என்பார்.

மூன்றரை ஆயிற்று. ஃபோன் அடிக்கவில்லை.

மூன்றே முக்கால். எல்லாரும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், மாப்ளய காணோம்?" என்றார் ஜம்புலிங்கம். "அமெரிக்காகாரன்னா டயத்துக்குக் கரீட்டா கீறவன்னுல்ல சொல்லுவாங்கோ?"

"வந்துடுவார்" என்றார் ஜெயராமன்.

"நீ வேணா ஒரு மெசேஜ் போட்டுப் பாரேம்மா" என்று மகளிடம் கெஞ்சினார்.

"வேண்டாம்ப்பா. வர்றவங்க வரட்டும்."

"அதானே! பொண்ணு வீட்டுக்காரங்க நாமளா கூப்பிட்டா எறங்கிப் போனதா ஆயிடும்" என்று சரசா வேறு ஒத்து ஊதினாள்.

நாலு மணிக்கு ஜம்புலிங்கம் எழுந்தார். மரியாதைக்கு இரண்டு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டார். "மனசுல வெச்சிக்காத சார். நம்ம பொண்ணுக்கு இன்னா கொறச்சல்? இவன் இல்லாங்காட்டி இன்னொருத்தன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஜெயராமனுக்கு அது சுருக்கென்று தைத்தது. சாயங்காலத்துக்குள் விஷயம் வாட்ச்மேன் வரைக்கும் போய்விடும்.

சுரேகா எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவு சாத்திய சத்தத்தில் ஜெயராமனுக்கு ஆவேசமே வந்துவிட்டது. தன் ஃபோனை எடுத்து ஹேமநாதனைக் கூப்பிட்டார்.

"என்ன சார் இது? உட்கார வெச்சு அவமானப்படுத்தறதுக்கா சம்பந்தம் பேசினீங்க?"

"ஞாயித்துக்கிழமை இல்லையா சார், கொஞ்சம் அசந்து தூங்கியிருப்பார். ஒரு அரை மணி..."

"தூங்கட்டும். நல்லாத் தூங்கட்டும். எங்களுக்கு இந்த இடம் வேண்டாம். பொண்ணு வீட்ல வேண்டாம்னுட்டாங்கன்னு சேலத்துல பையனோட அம்மாகிட்டச் சொல்லிடுங்க."

"சார், அவசரப்படாதீங்க..."

வைத்துவிட்டார். சரசா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரம் ஜெயராமனுக்குக் கோபம் மட்டுமா இருந்தது? கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது. அப்பாடா, இவள் எங்கேயும் போகப்போவதில்லை என்ற நிம்மதி. பெற்ற பெண்ணின் கல்யாணம் நின்றதில் ஓர் அப்பனுக்கு நிம்மதியா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். சீ என்று இருந்தது. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான். ஒரு ஸ்பூன் கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மகளைச் சமாதானப்படுத்த உள்ளே போனார்.

சுரேகா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தார். அவள் பட்டுப் புடவையோடு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் திறந்திருந்தது. அதில் வரிசையாக நாலு கடிகாரம். சென்னை, லண்டன், நியூயார்க், சிட்னி. எந்த ஊர் ஆளை எந்த ஊர் ஆளுடன் எப்போது பேசவைப்பது என்று பார்த்துப் பார்த்து நேரம் குறிப்பதுதான் ஆபீசில் அவள் வேலை. நியூ ஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் ஒரே நேரம் என்பது ஹேமநாதன் புண்ணியத்தில் ஜெயராமனுக்கும் தெரியும்.

"விடும்மா. போனாப் போறான்" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

சென்னைக் கடிகாரத்தில் நாலேகால். அப்படியென்றால் அங்கே ஆறே முக்கால் இருக்க வேண்டும். இருந்தது ஐந்தே முக்கால்.

"சுரேகா, இது தப்பா ஓடுதே."

"சரியாத்தாம்ப்பா ஓடுது."

"ஒன்பதரை மணி நேரம்னுதானே..."

"நேத்து வரைக்கும் ஒன்பதரை. அங்க வெயில் காலத்துக்கு ஒரு நேரம், குளிர் காலத்துக்கு ஒரு நேரம். வருஷத்துல ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துவாங்க. இன்னிக்கு விடியக்காலையிலதான் ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சாங்க. இன்னிலேர்ந்து பத்தரை."

ஜெயராமன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்தப் பையன்?"

"அவருக்கு இன்னும் ஆறு ஆகலை. ஆறானதும் கரெக்டா கூப்பிடுவார்."

"அது இங்க நாலரை."

"ஆமா."

ஞாயிற்றுக்கிழமை நாலரை. அது என்ன நேரம் என்று பார்க்க நாள்காட்டி வேண்டுமா? நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். சரசா இருக்கிற வீட்டில் அந்த நேரத்தில் புதுச் சட்டைகூடப் போட முடியாது.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"நீங்க நேரம் குறிச்ச அன்னிக்கே தெரியும்ப்பா."

"அப்புறம் ஏன்டி வாயைத் திறக்கலை?"

அவள் வளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது.

"நானா வேண்டாம்னு சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க. இப்படி நடந்தா யாரும் யாரையும் சொல்ல முடியாதில்ல? அவர் ராகு காலத்துல கூப்பிடுவார். அத்தை எடுக்க விடமாட்டாங்க, நீங்களும் எடுக்க மாட்டீங்க. அவருக்கு ஏழு மணிக்கு வேலை. அதோட முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

"உனக்குப் பையனைப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்குப்பா" என்றாள் சுரேகா. "ரெண்டு வாரமா மெசேஜ்ல பேசறோம். ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலதான் பயம். நான் அங்க போயிட்டா நீங்க யாரோட சாப்பிடுவீங்க?"

ஜெயராமன் நிமிர்ந்து பார்த்தார். தான் பஜார் ரோட்டில் நின்று நினைத்த அதே நினைப்பு, வார்த்தை மாறாமல் மகள் வாயிலிருந்து வருகிறது. பெண்ணைப் பெற்றுப் படிக்கவைத்து ஆளாக்கி, கடைசியில் தனக்குச் சோற்றுத்துணையாக வீட்டில் பூட்டி வைத்திருக்கிறோமே என்று உறுத்தியது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்து இடித்தது. ஹேமநாதன்!

எழுந்து கூடத்துக்கு ஓடினார். ஹேமநாதன் எண்ணை அழுத்தினார். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது ஃபோன். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதேதான். அந்த வேறொருவர் யாராக இருக்கும்? சேலத்து அம்மாளாகத்தான் இருக்கும்.

அப்போது சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த சுரேகாவின் ஃபோன் அடித்தது. மணி நாலரை.

"தொடாதே!" சரசா குறுக்கே வந்து நின்றாள். "ராகு காலம்டா! முதல் பேச்சே இதுலயா? பொண்ணு வாழணுமா வேண்டாமா?"

ஜெயராமன் அறைவாசலைப் பார்த்தார். சுரேகா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது.

எவ்வளவு சுலபம் பாருங்கள்! சும்மா நின்றால் போதும். பழி ராகுவின் தலையில். மகள் வீட்டில். ராத்திரி வழக்கம்போல இரண்டு தட்டு.

மறுபடி அடித்தது.

"தள்ளுக்கா" என்றார் ஜெயராமன்.

"டேய், சொல்றதைக் கேளுடா..."

"அவன் ஊர்ல இன்னும் சூரியனே வரலை. சூரியனே வராத ஊர்ல ராகு எங்கேருந்து வருவான்? தள்ளு."

எடுத்துவிட்டார்.

திரையில் ஸ்ரீநாத் தெரிந்தான். பின்னால் ஜன்னல் இருட்டாக இருந்தது. நெற்றியில் விபூதி, இஸ்திரி போட்ட சட்டை, கண்ணில் மட்டும் தூக்கம். "வணக்கம் அங்கிள். முதல்ல எடுக்கலையா, கொஞ்சம் பதறிட்டேன். அஞ்சு மணிக்கே குளிச்சு ரெடியா உட்கார்ந்திருக்கேன்."

"நீங்க சரியான நேரத்துக்குத்தான் வந்தீங்க தம்பி. நாங்கதான் இங்க கொஞ்சம்..." என்று இழுத்தார் ஜெயராமன்.

சுரேகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சரசா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றாள். ஆனால் எத்தனை நேரம் நிற்பாள்? ஆறிப்போன தட்டோடு மெல்ல ஃபோனுக்கு முன்னால் வந்தாள்.

"அத்தை, வாழைக்காய் பஜ்ஜியா அது? இப்படிக் காட்டிட்டு விட்டுட்டா எப்படி?" என்றான் ஸ்ரீநாத்.

"இங்க வந்து சாப்பிடு, யார் வேண்டாங்கறா" என்று சரசா சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், ராகுவாவது கேதுவாவது!

பேச்சு ஓடியது. சமைக்கத் தெரியுமா என்று சரசா கேட்டாள். ரசம் மட்டும் வரும் என்றான். அவன் ரசத்தில் புளியே இல்லை என்று சுரேகா சொன்னாள். அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று சரசா கண்ணை உருட்ட, சுரேகா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மகள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று ஜெயராமன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அவர் நிறுத்தப் பார்த்திருக்கிறார். அது இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஹேமநாதனை மறுபடி கூப்பிட வேண்டும். ஆனால் இந்தச் சோபாவை விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை.

"நீங்க எதுவுமே கேட்கலையே அங்கிள்" என்றான் ஸ்ரீநாத்.

சம்பளம் கேட்பார், வீடு கேட்பார் என்று எதிர்பார்த்திருப்பான் போலிருக்கிறது.

"தம்பி, நீங்க அங்க காலையில காபி குடிக்கிற நேரம், இங்க எத்தனை மணி?"

அவன் ஒரு கணம் விழித்தான். "இதே நேரம்தான் அங்கிள். இங்க ஆறு, உங்களுக்கு நாலரை. உங்களுக்கும் அது காபி நேரம்தானே?"

"ஆமா. எப்பவும் இப்படியேதான் இருக்குமா?"

"மார்ச்ல மறுபடி மாறும். அப்ப உங்களுக்கு மூன்றரை ஆயிடும்."

"சரி, சரி. வருஷத்துக்கு ரெண்டு தடவை நான் காபியை மாத்திக்கணும். அவ்வளவுதானே? மாத்திக்கலாம்."

சுரேகா சட்டென்று முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஸ்ரீநாத்துக்கு இப்போதுதான் அந்தக் கேள்வி புரிந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அவன் மேஜையில் இன்னொரு ஃபோன் அடித்தது.

"அம்மா கூப்பிடறாங்க. ஒரே ஒரு நிமிஷம் அங்கிள்."

எடுத்துக் காதில் வைத்தான். "ஆமாம்மா, பேசிட்டுதான் இருக்கேன்... என்னது?... யார் சொன்னா?"

திரையில் அவன் முகம் மாறுவதை மூன்று பேரும் பார்த்தார்கள். ஒன்றும் புரியாதவள் சுரேகா மட்டும்தான். சரசா தட்டைக் கீழே வைத்தாள்.

ஸ்ரீநாத் ஃபோனை இறக்கினான். "அங்கிள், பொண்ணு வீட்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு அம்மா அழறாங்க. இப்ப நாம பேசிக்கிட்டு இருக்கறது என்ன?" பிறகு சுரேகாவைப் பார்த்தான். "நீங்க சொல்லச் சொன்னீங்களா?"

"நான் எதுவும் சொல்லலையே" என்ற சுரேகா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். பழியை ஹேமநாதன் தலையில் கட்டலாம். ஜெயராமனுக்கு அது தோன்றாமல் இல்லை.

"நான்தான் தம்பி சொன்னேன்" என்றார். "அவளுக்குத் தெரியாது. நீங்க மூன்றரைக்கு வரலைன்னு கோபத்துல சொன்னேன். கோபம்னு சொல்றதும் பாதிப் பொய்தான். அவ போயிட்டா இந்த வீட்ல எனக்குப் பேச ஆள் இல்லை. அந்தப் பயத்துல சொல்லிட்டேன். தப்பு என்னோடது. அவ மேல ஒண்ணும் இல்லை."

சுரேகாவின் கை அப்பாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

ஸ்ரீநாத்தின் பின்னால் ஜன்னல் வெளுக்க ஆரம்பித்திருந்தது. மேஜை மேல் வைத்த ஃபோனில் அவன் அம்மாவின் குரல் இன்னும் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு அங்கிள். அம்மாகிட்டயும் பேசணும்." அவன் சுரேகாவைத்தான் பார்த்தான். "நாளைக்குக் கூப்பிடறேன்."

திரை அணைந்தது.

மழை விட்டிருந்தது. வெளியே தண்டலம் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. முதலில் வாயைத் திறந்தவள் சரசாதான்.

"நாளைக்குன்னா எத்தனை மணிக்குன்னு சொல்லலையே?"

சுரேகா ஃபோனை எடுத்தாள். சத்தத்தை முழுசாகக் கூட்டி, சார்ஜில் போட்டு, மறுபடி அதே டப்பாவில் சாய்த்து வைத்தாள். பிறகு பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.